அமைவுக் கோப்பில் குறிப்புரை

குறிப்புரை என்பது ஒரு நிரலின் அமைவுக் கோப்பில், மனிதர் படிப்பதற்காக மட்டும் எழுதப்படும் பகுதி ஆகும். நிரல் இதனைப் பொருட்படுத்தாது. கட்டளைவரி நிரல்களின் விருப்பத்தேர்வுகள் பெரும்பாலும் எளிய உரைக் கோப்புகளில் வைக்கப்படுவதால், அவற்றில் குறிப்புரை இன்றியமையாததாகிறது.

பயன்

அமைவு வரி ஒன்று மதிப்பைக் கூறும். அம்மதிப்பு ஏன் தெரிவு செய்யப்பட்டது என்பதைக் குறிப்புரையே கூறும். ஒரு வரியை அழிக்காமல் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் இது உதவுகிறது. எடுத்துக்காட்டாக, பொங்கலூரில் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு லேபிள் அச்சிடும் நிரலின் அமைவுக் கோப்பு பின்வருமாறு இருக்கலாம்:

# சிறிய பெட்டிக்காக அகலம் குறைக்கப்பட்டது
அகலம் = 48
# படிகள் = 2
நிறம் = #224466
ஊர் = சூலூர்

முதல் வரி விளக்கம். மூன்றாம் வரி நிறுத்திவைக்கப்பட்ட அமைவு. நான்காம் வரியிலுள்ள # குறியோ நிற எண்ணின் பகுதியாகும்.

தொடக்கத்தை அறிதல்

# குறிக்குப் பின் வரும் அனைத்தையும் நிரல் நீக்கினால், மேற்கண்ட நிறத்தின் மதிப்பு வெறுமையாகிவிடும். # உள்ள கடவுச்சொல்லும் இவ்வாறே துண்டிக்கப்படும். இதனைப் பிழை என நிரல் அறிவிக்காமலும் போகலாம். எனவே மூன்று முறைகள் கையாளப்படுகின்றன:

1. வரியின் தொடக்கத்தில் வரும் குறியை மட்டும் ஏற்றல்.
2. இடைவெளிக்குப் பின் வரும் குறியையும் ஏற்றல். மேற்கண்ட நிற வரிக்கு இது உதவாது.
3. மேற்கோள் குறிகளுக்குள் உள்ளதை விலக்கல்.

பைத்தான் மொழியின் அமைவுக் கோப்பு நிரற்கூறு, முன்பு வரியின் இடையில் அரைப்புள்ளிக்குப் பின் வரும் குறிப்புரையை ஏற்றது. 2011இல் வெளியான 3.2 பதிப்பு முதல் இவ்வசதி இயல்பிருப்பாக இல்லை.

பிற்காலத்தில் சேர்த்தல்

பயன்பாட்டிலுள்ள நிரலில் குறிப்புரை வசதியைச் சேர்த்தால், பழைய கோப்புகளின் பொருள் மாறக்கூடும். முதலாம் முறையே இவ்விடரைப் பெரிதும் குறைக்கிறது. # குறியில் தொடங்கும் உண்மையான வரிகளுக்கு மாற்றுவழியும் தேவை. கிட் மென்பொருளின் புறக்கணிப்புக் கோப்பில், அக்குறிக்கு முன் பின்சாய்கோடு இடப்படுகிறது.

கோப்பை நிரலே திருத்தி எழுதும்போது குறிப்புரைகள் அழியலாம். மேற்கூறிய பைத்தான் நிரற்கூறு அவற்றைப் பேணுவதில்லை. கிட்டின் அமைவுக் கட்டளை உரிய வரியை மட்டும் மாற்றிப் பிறவற்றைப் பேணுகிறது.

ஜேசன்

ஜேசன் வடிவத்தில் குறிப்புரைக்கு இடமில்லை. சிலர் அதனுள் நிரலுக்கான ஆணைகளை எழுதியதால், வெவ்வேறு நிரல்கள் ஒரே கோப்பை ஒரே வகையில் படிக்க இயலாது போகும் எனக் கருதி அதை நீக்கியதாக, அதனை உருவாக்கிய டக்ளஸ் குரோக்ஃபோர்டு 2012இல் விளக்கினார். 2013இல் உருவான டாமல் வடிவம் # குறியை ஏற்கிறது.

தமிழில் குறிப்புரை

ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொள்ளும். # குறியின் பைட்டு (35) அவற்றுள் வராது. எனவே தமிழில் தடையின்றி எழுதலாம். பழைய பாமினி எழுத்துருவில் # குறியின் இடத்திலேயே ‘சூ’ இருந்தது. அம்முறையில் ‘சூலூர்’ என்னும் மதிப்பு முழுவதும் குறிப்புரையாகக் கருதப்படக்கூடும். யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் சில உரைத்தொகுப்பிகள் இடும் மூன்று பைட்டு அடையாளத்தையும் நிரல் நீக்க வேண்டும். இன்றேல் முதல் வரியின் # அடையாளம் காணப்படாது.