நரம்பை அசைக்கக் கற்றுக்கொடுத்தவர் வலியை விளக்கத் தொடங்கியது ஏன்? பிசியோதெரபிஸ்ட் டேவிட் பட்லரின் பாதை

"இடுப்புல ஆரம்பிச்சு கால் வரைக்கும் நரம்பு சுண்டி இழுக்குது." பிசியோதெரபி அறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. 2020-ம் ஆண்டு கணக்குப்படி, உலகம் முழுவதும் சுமார் 61.9 கோடி பேர் கீழ்முதுகு வலியுடன் வாழ்ந்தார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

அந்த 'நரம்பு இழுப்பு' என்பது என்ன? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் டேவிட் பட்லர் இதற்குத் தந்த பதில், அவருடைய பணிக்காலத்திலேயே பெரிதாக மாறியது. அந்த மாற்றம் உங்கள் முதுகுக்கும் உதவக்கூடியது.

நரம்பு அசையுமா?

நரம்பை மின்சார ஒயர் மாதிரி நினைக்கிறோம். ஆனால் ஒயர் சுவருக்குள் சும்மா கிடக்கும். நரம்பு அப்படி இல்லை. பின்னால் வளைந்த நிலையிலிருந்து நன்றாக முன்னால் குனியும்போது, முதுகெலும்புக்குள் இருக்கும் குழாய் 5 முதல் 9 செ.மீ. வரை நீளும். உள்ளே இருக்கும் தண்டுவடமும் நரம்பு வேர்களும் அதற்கேற்ப நகர வேண்டும்.

வலி இல்லாதவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். நாற்காலியில் கூன் போட்டு உட்காருங்கள். தாடையை நெஞ்சோடு சேர்த்து, ஒரு முழங்காலை நீட்டுங்கள். தொடைக்குப் பின்னால் இழுக்கும். இப்போது தலையை மட்டும் நிமிர்த்துங்கள். பலருக்கு இழுப்பு குறையும். தொடைத் தசையை யாரும் தொடவில்லை, கழுத்துதான் அசைந்தது. இதன் முறையான வடிவத்துக்கு 'ஸ்லம்ப் டெஸ்ட்' என்று பெயர். அடிலெய்டின் ஜெஃப்ரி மைட்லேண்ட் பிரபலப்படுத்திய பரிசோதனை இது.

பட்லர் என்ன செய்தார்?

மைட்லேண்ட், கை நரம்புகளுக்கான பரிசோதனையை உருவாக்கிய ராபர்ட் எல்வி, தண்டுவடத்தின் இழுவிசையை ஆராய்ந்த ஸ்வீடன் அறுவை சிகிச்சை நிபுணர் ஆல்ஃப் பிரெய்க் போன்றோரின் வேலைகளைத் தொகுத்து, மேலே கொண்டுபோனார் பட்லர். 1991-ல் 'மொபிலைசேஷன் ஆஃப் தி நெர்வஸ் சிஸ்டம்' என்ற புத்தகம் வந்தது. மூட்டையும் தசையையும் கையால் அசைப்பது போல, நரம்பையும் அசைத்துச் சிகிச்சை தரலாம் என்றது அது.

பாவாடை நாடா மாட்டிக்கொண்டால் என்ன செய்வோம்? ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கம் தளர்த்தி, மாற்றி மாற்றி அசைப்போம். நரம்பை வழுக்கவிடும் பயிற்சியும் கிட்டத்தட்ட அதுதான். நரம்பு சார்ந்த முதுகு வலி, கழுத்திலிருந்து கைக்குப் பரவும் வலி ஆகியவற்றில் இது பலன் தருவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன.

பிறகு ஏன் மாற்றம்?

கையால் அசைப்பது மட்டும் எல்லா வலிக்கும் விடை ஆகவில்லை. பட்லரின் கவனம் நரம்பின் நீளத்திலிருந்து அதன் உணர்திறனுக்கு நகர்ந்தது. 2000-ல் வந்த புத்தகத்தின் பெயரே 'தி சென்சிட்டிவ் நெர்வஸ் சிஸ்டம்'. 2003-ல், வலி ஆய்வாளரும் பிசியோதெரபிஸ்டுமான லோரிமர் மோஸ்லியுடன் சேர்ந்து நோயாளிகளும் படிக்கும்படி 'எக்ஸ்பிளெயின் பெயின்' எழுதினார்.

அதன் மையக் கருத்து எளிது: வலி என்பது காயத்தின் அளவுகோல் அல்ல, உடலைக் காக்க மூளை எழுப்பும் எச்சரிக்கை மணி. மணி சில சமயம் தேவைக்கு மேல் அடிக்கும்.

1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். கட்டுமானத் தொழிலாளி ஒருவரின் பூட்ஸை 15 செ.மீ. ஆணி துளைத்துவிட்டது. ஆணி லேசாக அசைந்தாலே துடித்தார். மயக்க மருந்து கொடுத்து பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஆணி விரல்களுக்கு நடுவே போயிருந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை. வலி நிஜம், காயம்தான் இல்லை.

"ஸ்கேன்ல டிஸ்க் பிதுங்கியிருக்கே?"

வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015-ம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது. ஆக, ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததுமே "முதுகு போச்சு" என்று படுத்துவிட வேண்டியதில்லை. பயந்து அசையாமல் இருந்தால் தசை பலவீனமாகும், உணர்திறன் கூடும், வலியும் நீளும்.

அப்போ எல்லாம் மனசுதானா?

இல்லை. விளக்கம் கேட்டதும் வலி பறந்துவிடாது. விளக்கம் மட்டும் தரும் பலன் சிறியது. உடற்பயிற்சியோடு சேரும்போது கூடுதல் பலன் கிடைக்கிறது. கையால் தரும் சிகிச்சையும் தேவையில்லாமல் போகவில்லை. "இவ்வளவு அசைக்க முடியுது, ஒண்ணும் ஆகலையே" என்ற நம்பிக்கையை உடலுக்குக் கொடுப்பது அதன் முக்கியமான வேலை.

எப்போது உடனே ஓட வேண்டும்?

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் அல்லது சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் திடீரெனப் பலமிழப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி, விளக்கம் எதற்கும் காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மற்றபடி, அடுத்த முறை பிசியோதெரபிஸ்டைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் வலிக்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்? எந்த அசைவு எனக்குப் பாதுகாப்பானது? வீட்டில் நானே என்ன செய்யலாம்? படுக்கவைத்து அழுத்திவிட்டு அனுப்பாமல், இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் தொடர்ந்து போகலாம்.