நீலகிரித் தைலம்: கைக்கு எட்டாத உயரத்தில்

டெல்லி கிட்வாய் நகரில் டிசம்பர் குளிர் இறங்கியதும் ஜன்னல்கள் அடைபடும். தமிழ்க் குடும்பங்களின் அலமாரியிலிருந்து நீலகிரித் தைலம் வெளியே வரும். மூக்கடைத்த பிள்ளைக்கு வெந்நீரில் நாலு சொட்டு, தலையணையில் இரண்டு சொட்டு. இலையிலிருந்து எடுத்ததுதானே என்ற தைரியம்!

அந்தத் தைரியம்தான் ஆபத்து. நீலகிரியில் யூகலிப்டஸ் இலைகளைக் கொப்பரையில் அடைத்து வேகவைத்து, எழும் ஆவியைக் குளிரவைத்துத் தைலம் வடிக்கிறார்கள். நூறு கிலோ இலைக்கு ஓரிரு கிலோ தைலம் கிடைத்தாலே அதிகம். அதில் பெரும்பங்கு சினியோல் என்ற வேதிப்பொருள். மூக்கு திறந்தாற்போல இதமாக இருப்பது அதனால்தான். அளவு மீறி உடலுக்குள் போனால் வலிப்பை வரவழைப்பதும் அதுவே.

தென்னிந்திய மருத்துவமனைகள் சில சேர்ந்து நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வில், வலிப்புடன் வந்த 350 பேரில் 55 பேருக்கு இத்தகைய தைலங்களோடு தொடர்பு இருந்தது. யூகலிப்டஸும் கற்பூரமும்தான் முக்கியக் காரணங்கள். குடித்தவர்கள் மட்டுமில்லை, முகர்ந்தவர்களும் தடவியவர்களும் அதில் உண்டு.

ஆகவே வலிப்பு நோய் உள்ளவர்கள் யூகலிப்டஸ், கற்பூரம் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது. கைக்குழந்தையின் மூக்கருகே எந்தத் தைலமும் வேண்டாம். பெரியவர்கள் தடவுவதென்றால் 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 12 சொட்டு போதும். அது ஏறக்குறைய இரண்டு சதவீதம். முதலில் முழங்கை மடிப்பில் துளி தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்களைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும். குளிக்கும் தண்ணீரில் நேராக ஊற்றுவதும் தப்பு: எண்ணெய் கரையாமல் மிதந்து தோலில் அப்படியே ஒட்டும். அறையில் மணம் பரப்பும் டிஃப்யூசரை அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிடாமல், ஜன்னலைச் சற்றுத் திறந்து வைக்கலாம். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம். அதன் ஈரலால் இவற்றை எளிதில் முறிக்க முடியாது.

குழந்தை ஒரு மடக்கு குடித்துவிட்டால் என்ன செய்வது? ஒரு டீஸ்பூன் அளவே ஆபத்தானது. சில நிமிடங்களிலேயே மயக்கமும் வலிப்பும் வரலாம். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கிட்வாய் நகருக்குப் பக்கத்திலேயே, எய்ம்ஸில், 1995 முதல் தேசிய நச்சுத் தகவல் மையம் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும், நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கட்டணமின்றிக் கூப்பிடலாம்: 1800 116 117. இந்த எண்ணை இன்றே போனில் பதிந்துவையுங்கள்.