ஏழாண்டுக் கணக்கு

வந்தேறியவர் எப்பொழுது ஊரார் ஆகிறார்? கடல் கடந்து வந்து, காடு திருத்தி, பிள்ளை பெற்று, பெற்றோரை அதே மண்ணில் அடக்கம் செய்த பின்னரும் இவ்வினா ஒருவரைத் தொடர்ந்து வருமா? வந்தது என்பதற்குச் சான்றாக இலங்கையின் சட்ட ஏடுகளில் ஒரு பெயர் நிலைத்து நிற்கிறது. கோடகன் பிள்ளை என்பது அப்பெயர். அவர் வழக்கு எழுந்த இடம் சப்பிரகமுவா மாகாணத்து ருவன்வெல்லைத் தேர்தல் தொகுதி.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் அறிந்தோர்க்கு அந்நிலத்தின் இயல்பு தெரியும். உயர்ந்த மலைகளில் தேயிலை; எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லைப் பகுதிகளின் தாழ்ந்த குன்றுகளில் றப்பர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த தமிழ் மக்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களில் குடியேறினர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, வெயில் ஏறுமுன் பட்டையைச் சீவி, சிரட்டையில் சொட்டும் பாலைச் சேர்ப்பது அவர்தம் தொழில். நட்ட றப்பர்க் கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் செல்லும். இந்த ஏழாண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

1939 ஆகஸ்ட் 1 முதல், தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. அடுத்த மாதமே உலகப்போர் மூண்டது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலேயாவின் றப்பர் முழுவதும் யப்பானியர் கைக்குப் போயிற்று. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை றப்பரில் பெரும்பகுதியை இலங்கையே தரவேண்டியதாயிற்று. மரம் பட்டுப்போனாலும் போகட்டும், கிடைக்கும் பாலையெல்லாம் எடுத்துவிடுக என்னும் நிலை வந்தது. போர்வண்டிகளின் சக்கரங்கள் சப்பிரகமுவாத் தோட்டத்துத் தமிழரின் கத்திமுனையை நம்பி உருண்டன என்றால் அது மிகையாகாது.

அதே போர்க்காலத்தில்தான் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர்த் தோட்டத்தை, நிலமற்ற கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிப்பதற்காக அரசாங்கம் பெற்றுக்கொண்டது. கிராமத்துச் சிங்கள உழவனின் நிலப்பசி பொய்யன்று. தோட்டங்கள் பெருகியதால் அவனும் இழந்தவனே. ஆயினும் அப்பசியைத் தீர்க்க, அங்கே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேற வேண்டும் என்றாயிற்று. இலங்கை இந்தியக் காங்கிரஸ் எதிர்த்து நின்றது. 1946-இல் மாவட்டத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ஏழையின் குறையை மற்றோர் ஏழையின் கூரையைப் பிரித்துத் தீர்க்க முனைந்ததே இதிலுள்ள சோகம்.

இத்தகைய வெளியேற்றத்தைப் பற்றிய வழக்கொன்று இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்றது. அறிவித்தல் பெற்ற பின்னும் தோட்டத்தை விட்டுப் போகாத சின்னசாமி செல்வநாயகம் என்ற தொழிலாளியின் மேல் அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. தன் இருப்பிடத்தில் தொடர்ந்து வாழ விரும்புவது ஒன்று. பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கம் வேறொன்று என 1950-இல் அம்மன்று பகுத்துரைத்தது. ஒரு தொழிலாளி தன் வீட்டை வீடென்று எண்ணியதைச் சட்டமும் ஒருகணம் உணர்ந்துகொண்டது எனலாம்.

ஆனால் வீடு வேறு, நாடு வேறு என்றன அதற்கு முன்பே வந்த சட்டங்கள். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவரிடமும் தந்தையின் பிறப்பைப் பற்றி வினவியது. மறு ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதாரின் வாக்கைப் பறித்தது. 1949-இல் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர்க்கென வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. மணமானவராயின் 1946 சனவரி 1-க்கு முன் ஏழாண்டுகளும், மணமாகாதவராயின் பத்தாண்டுகளும் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிறுவ வேண்டும் என்றது அது. எண்ணிப் பாருங்கள்: அவ்வேழாண்டில் பெரும்பகுதி போர்க்காலமே! சாம்ராச்சியத்துக்கு றப்பர் வெட்டிக்கொடுத்த அதே ஆண்டுகளுக்கு, வெட்டியவனிடமே கடுதாசி கேட்கப்பட்டது.

ருவன்வெல்லையின் நாடாளுமன்ற உறுப்பினர், குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த கலாநிதி என். எம். பெரேரா. அத்தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடகன் பிள்ளை கேட்டார். பதிவதிகாரி முதனாயக்க மறுத்தார். மேல்விசாரணை செய்த சிவஞானசுந்தரம், இச்சட்டங்கள் ஓர் இனத்தவர்மேல் மட்டும் தடை விதிப்பதால் அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவுக்கு முரணானவை என்று தீர்த்தார். 1951-இல் உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளியது. 1953-இல் பிரிவுக் கவுன்சிலும் பிள்ளையின் முறையீட்டை ஏற்கவில்லை. யார் தன் குடிமக்கள் என்பதை ஒரு நாடு வகுத்துக்கொள்ளலாம். இந்தியத் தமிழர் வந்து போகும் வழக்கமுடையோர் என்பதைக் கருத்திற் கொள்வதும் தவறன்று என்பது தீர்ப்பின் சாரம்.

வந்து போவோர்! கடலைக் கடக்க வழியற்று, போர் ஆண்டுகளெல்லாம் மரத்தடியிலேயே நின்ற மக்களுக்கு இப்பெயர்!

சுமார் எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின; குடியுரிமை கிட்டியதோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்களை எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பிற்பாடு பேசித் தீர்க்கும் பொருளாயினர். இறுதியாக, 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் சந்ததியார்க்கும் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கியது.

1948-இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்! றப்பர்க் கன்றை நட்டவன் ஏழாண்டு பொறுத்தான், பால் கண்டான். இம்மக்கள் பொறுத்ததோ இரு தலைமுறைக் காலம். ருவன்வெல்லை வழக்கை வகுப்பறையில் எடுத்துரைக்கும் ஆசிரியர்கள், தீர்ப்பின் வாசகத்தோடு நின்றுவிடாது, அவ்வேழாண்டுகளில் சிரட்டை ஏந்தி விடியலில் நடந்தவரையும் மாணவர்க்குக் காட்டுவார்களாக. தோற்ற வழக்கென்றே சட்ட ஏடு அதனைக் குறித்திருக்கிறது. அன்று கோடகன் பிள்ளை கேட்டது இடாப்பில் ஒரு பெயருக்கான இடம்; பிற்காலம் அதனைப் பிறர்க்கேனும் கொடுக்க வேண்டியதாயிற்று.