மகனின் சைக்கிளுக்கு எந்த எண்ணெய்?

வீட்டில் ஓர் எண்ணெய் தீர்ந்துவிட்டால் இன்னோர் எண்ணெயைக் கொண்டு சமாளிப்பது நமக்குப் பழகிப்போன காரியம். சமையலில் அதனால் பெரிய நட்டம் வந்துவிடுவதில்லை. ஆனால் பிள்ளைகளின் மவுண்டன் பைக்கில், முன்சில்லைத் தாங்கி நிற்கும் 'சொக்' விடயத்தில் இந்தச் சமாளிப்புச் செல்லாது. பலாபத்வல போன்ற ஏற்ற இறக்கமுள்ள ஊர்களில் இது பிள்ளையின் கைகால் சம்பந்தப்பட்ட விடயமாகும்.

சொக்கினுள் இருக்கும் ஸ்பிரிங் அல்லது அடைக்கப்பட்ட காற்று, குழியின் அதிர்ச்சியைத் தாங்குகிறது. அது துள்ளித் திரும்பாமல் தடுப்பது எண்ணெயின் வேலை. சிறு துவாரங்களினூடாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு செல்லும்போது வேகம் அடங்குகிறது. புனலில் தண்ணீர் ஓடுவதையும் கித்துல் பாணி இறங்குவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணெய் அளவுக்கு மீறித் தடித்தால், ஒரு குழியிலிருந்து மீளுமுன் அடுத்த குழி வந்துவிடும். மிக மெல்லியதாக இருந்தால் சில்லு துள்ளும். துள்ளும் சில்லில் பிரேக் பிடிக்காது.

1989இல் அமெரிக்காவில் போல் டேர்னர் ஆரம்பித்த ரொக்சொக்ஸ் நிறுவனம், மோட்டார் சைக்கிளில் இருந்த இந்த முறையை மலைச் சைக்கிளுக்குப் பரவலாக்கியது. எனினும், சொக் உள்ள எல்லாச் சைக்கிளிலும் எண்ணெய் இருப்பதில்லை. விலை குறைந்த பலவற்றில் ஸ்பிரிங்கும் கிறீஸும் மட்டுமே உண்டு. அவற்றில் எண்ணெய் ஊற்றினால் கிறீஸ் கரைந்து வழியும். ஆகவே முதற்கேள்வி, "உள்ளே எண்ணெய் உண்டா?" என்பதே.

எண்ணெய் உள்ளவற்றில் பெரும்பாலும் இரண்டு வேலைக்கு இரண்டு எண்ணெய். துள்ளலை அடக்கும் பகுதிக்கு மெல்லிய எண்ணெய். கீழ்க்குழாய்களின் உராய்வைக் குறைக்கச் சற்றுத் தடித்த எண்ணெய், அதுவும் சில மில்லிலீட்டர்தான். ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றக் கூடாது. அளவு கூடினால் உள்ளே காற்றுக்குரிய இடம் சுருங்கி, சொக் முழுமையாக அமுங்காது.

போத்தலில் 5, 10 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு கம்பனியின் 10, இன்னொரு கம்பனியின் 10 போல இருப்பதில்லை. 40 பாகை செல்சியஸில் எண்ணெயின் தடிப்பு எத்தனை சென்ரிஸ்டோக் என்ற இலக்கமே சரியான ஒப்பீடு. சொக்கைச் செய்தவர் குறிப்பிட்ட எண்ணெயையே வாங்குவது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

வீட்டில் இருப்பவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையில் உறையும். நாட்செல்ல ஒட்டும் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லிய ஊசிப் பாகங்களுக்கானது. பிரேக் ஒயில் சொக்கின் றப்பர் சீல்களைக் கெடுக்கும். சீல் கெட்டால் எண்ணெய் கசியும். அது டிஸ்க் பிரேக்கில் பட்டால், இறக்கத்தில் பிரேக் வழுக்கும்.

எனவே சைக்கிளைக் கடைக்கு அனுப்புமுன் சொக்கில் உள்ள பெயரையும் மாதிரியையும் தாளில் எழுதிக் கொடுங்கள். ஊற்றப்போகும் போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். அளந்து ஊற்றுகிறார்களா என்று கேளுங்கள். கழித்த எண்ணெயைக் கானிலோ கிணற்றடியிலோ ஊற்ற விடாதீர்கள். மருந்துச் சீட்டைப் பாராமல் பிள்ளைக்கு மருந்து கொடுக்க மாட்டோம் அல்லவா? இதிலும் அந்தக் கவனம் போதும்.