காசநோய் மருந்துகளும் தோல் எதிர்விளைவுகளும்: இல்லச் சிகிச்சையில் அறிகுறிகளை இனங்காணல்

ஆய்வுச் சுருக்கம்

காசநோய் மருந்துகளால் தோலில் உண்டாகும் மாற்றங்களை இல்லச் சிகிச்சையில் நோயாளியே முதலில் காண்கிறார். அவற்றுள் மருந்தைத் தொடரத் தடையாகாதவை எவை, உடனே மருத்துவரை நாட வேண்டியவை எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காசநோய், இல்லச் சிகிச்சை, தோல் ஒவ்வாமை, கூட்டு மாத்திரை, சுவாமிமலை.

முன்னுரை

காசநோயாளியை மருத்துவமனையில் தங்கவைத்தே குணப்படுத்த இயலும் என்ற கருத்தை மாற்றியதில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்து மருந்து உண்டவர்களும் மருத்துவமனையில் தங்கியவர்களும் ஏறத்தாழ ஒத்த அளவில் குணமடைந்ததை 1959இல் வெளியிட்டது. அதன்வழி இல்லச் சிகிச்சை உலகெங்கும் பரவியது. செவிலியர் கண்காணித்து வந்த உடல்மாற்றங்களைக் குடும்பத்தார் கவனிக்கும் நிலையும் உருவாயிற்று.

மாற்றங்களின் வகைகள்

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு முதல் இரண்டு மாதங்கள் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதங்கள் பைரசினமைடு நீங்கலாக மூன்றும் நாள்தோறும் வழங்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும்.

ரிஃபாம்பிசினால் சிறுநீரும் வியர்வையும் செம்மஞ்சள் நிறமாவது தீங்கற்றது. தடிப்பின்றி அரிப்பு மட்டும் இருப்பின், மருத்துவர் ஒவ்வாமை மாத்திரை கொடுத்துச் சிகிச்சையைத் தொடரச் செய்வார். தடிப்பு தோன்றினால் மருந்துகள் அனைத்தையும் நிறுத்துவது குறித்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். தோலடியில் சிறு இரத்தப் புள்ளிகள் தோன்றின் இரத்தத் தட்டணுக்களைச் சோதித்தல் வேண்டும். ரிஃபாம்பிசினால் அவை குறைந்திருந்தால் அம்மருந்தை மீண்டும் கொடுத்தலாகாது. காய்ச்சல், முகவீக்கம், கொப்புளம், வாய் அல்லது கண்ணில் புண், தோல் உரிதல் ஆகியவை உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள். அந்நிலையில் மருந்தை நிறுத்தி அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும்.

தோல் எதிர்விளைவைச் சிறிதென ஒதுக்கவியலாது என்பதற்குத் தையசிடசோன் சான்றாகும். விலை குறைந்த அம்மருந்தை ஐசோநியாசிடுடன் சேர்த்து வழங்கிய சென்னை மையத்தின் ஆய்வு 1966இல் வெளிவந்தது. எச்.ஐ.வி. தொற்றுடையோரிடம் அது கொடிய தோல் எதிர்விளைவுகளை உண்டாக்குவதை 1991இல் நைரோபி ஆய்வு காட்டியது. பின்னர் அம்மருந்து வழக்கொழிந்தது.

கூட்டு மாத்திரையின் சிக்கல்

இன்று நான்கு மருந்துகளும் ஒரே மாத்திரையில் அடங்கியுள்ளன. உண்பதற்கு இது எளிது. ஆயின், ஒவ்வாமைக்குக் காரணமான மருந்து எது என்பதை மாத்திரையைக் கொண்டு அறிய இயலாது. அரிப்புக்கு அஞ்சி நாளொன்றுக்குரிய மாத்திரைகளில் ஒன்றைக் குறைப்பவர் நான்கு மருந்துகளின் அளவையும் ஒருசேரக் குறைக்கிறார். அளவு குறைந்த மருந்து கிருமியை முற்றிலும் அழிக்காது. மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கும் இடமளிக்கும்.

தடிப்பு அடங்கியபின் மருத்துவர் மருந்துகளைத் தனித்தனியே மீளத் தொடங்குவார். ஒவ்வாமை உண்டாக்கும் வாய்ப்புக் குறைந்த மருந்து முதலில் வரும். எடுத்துக்காட்டாக, ஐசோநியாசிட் 50 மி.கி. அளவில் தொடங்கி, மூன்று நாள்களுக்குள் முழு அளவை எட்டும். எம்மருந்தைச் சேர்க்கும்போது தடிப்பு மீள்கிறதோ அதுவே காரணி; அதை விலக்கி வேறு மருந்து சேர்க்கப்படும். கொப்புளம், புண் போன்ற கடும் எதிர்விளைவு கண்டவருக்கு இம்முறை எளிதில் பொருந்தாது.

சுவாமிமலைச் சூழல்

காவிரிப் படுகையின் சுவாமிமலையில் நெல்வயலும் வெண்கலப் படிமம் வார்க்கும் உலைக்களமும் அருகருகே உள்ளன. நடவில் நிற்பவருக்குச் சேற்றுப்புண்ணும், உலையருகில் இருப்பவருக்கு வேர்க்குருவும் புதியன அல்ல. ஆகவே, மருந்தினால் வந்த தடிப்பையும் தொழிலால் வந்ததெனக் கருதிப் பொறுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. மறுபுறம், எந்த அரிப்பையும் ‘மருந்துச் சூடு’ எனக் கொண்டு மாத்திரையைக் கைவிடுவதும் நேரும். முன்னது உயிருக்கு ஆபத்து. பின்னது நோய் மீளக் காரணம். ‘சூடு’ என்னும் ஒரே சொல் தீங்கற்ற அரிப்பையும் கொடிய ஒவ்வாமையையும் ஒன்றாக்கிவிடுவதே இங்குள்ள இடர்.

முடிவுரை

‘பக்கவிளைவு வந்தால் சொல்லுங்கள்’ என்னும் பொது அறிவுரை போதாது. மருந்து தொடங்கும் நாளிலேயே, தொடரத்தக்க அரிப்பு, மருத்துவரிடம் காட்டவேண்டிய தடிப்பு, அன்றே மருத்துவமனை செல்லவேண்டிய புண் என மூன்றையும் நோயாளி அறிந்த சொற்களில் பிரித்துரைத்தல் வேண்டும். இல்லத்திற்கு வந்த சிகிச்சை அங்கு நிறைவுறுவதற்கு இவ்விளக்கம் இன்றியமையாதது.