தறியடியில் ஒரு குவளைத் தேநீர்

தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த அனகாபுத்தூர், நெடுங்காலமாக நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கு நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் கடல் கடந்து நைஜீரியா வரை சென்றது. இத்தகைய ஊர்களில் தறியில் அமர்ந்து உழைப்போருக்கு அயர்வு தீர்க்கும் துணை தேநீரே. நாளொன்றுக்கு ஐந்து குவளை அருந்துவோர் நம் அங்கத்தினரிலும் உண்டு. இவ்வழக்கம் நன்மை தருமா, தீமை தருமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நன்மை உண்டு. கொய்த தளிரை வாட்டி, கசக்கி, காற்றுப் படவிடும்போது இலை கறுத்து, தியோஃபிளேவின் முதலிய பொருள்கள் உண்டாகின்றன. பிரிட்டனில் ஏறக்குறைய 5 லட்சம் பேரைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்த ஆராய்ச்சியொன்று 2022-இல் வெளியாயிற்று. தேநீரே அருந்தாதோரைவிட, நாள்தோறும் இரண்டு குவளையோ அதற்கு மேலோ அருந்தியோரிடையே மரணம் 9 முதல் 13 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. தேநீரே இதற்குக் காரணம் என்று அறுதியிட இயலாது. ஆயினும் தேநீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது தெளிவு.

கேடு, நாம் அருந்தும் முறையில் இருக்கிறது. குவளைக்கு இரண்டு கரண்டி வீதம் ஐந்து குவளைக்குச் சர்க்கரை 40 கிராம் ஆகிவிடும். நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிற்பதே மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஆதலால் பாலும் சர்க்கரையுமின்றி, வேண்டுமாயின் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுக் கடுந்தேநீராக அருந்துவதே சிறந்தது.

மற்றொன்று, இதனினும் முக்கியமானது. தேநீரின் துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கும். தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. எனவே உணவோடு தேநீர் வேண்டா. உண்டபின் ஒரு மணி நேரமேனும் கழியட்டும். பசித்த வயிற்றுக்குச் சோற்றுக்குப் பதிலாகத் தேநீர் கொடுப்பதோ, உடலை நாமே வஞ்சிப்பதாகும். கொதிக்கக் கொதிக்கப் பருகுதலும் தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் ஆகாது, ஆறவிட்டு அருந்துக.

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளும் நம்மைப் போன்ற கூட்டுறவாளரே. அவர்தம் ஆலைகளின் இணையமான இண்ட்கோசர்வ் 1965-இல் தோன்றியது. அவர்கள் விளைத்த தேயிலையை நாம் அருந்துவதும், நாம் நெய்த துணியை அவர்கள் உடுப்பதும் கூட்டுறவு நெறியேயாம். அக்குவளையை அளவறிந்து, வேளையறிந்து அருந்துவோமாக.