நாகைத் துறையிலிருந்து 12 கிலோமீட்டர்

பந்திங் வட்டாரத்துத் தோட்டங்களுக்குப் பிழைப்பு நாடி வந்த நம் முன்னோரில் பலர், நாகப்பட்டினத்துத் துறையில் கப்பலேறி, பினாங்கிலோ, இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹமிலோ கரையிறங்கியவர்கள். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அக்கடல் வழியில் ஓடிய ரஜூலா கப்பலை நம் வீட்டு முதியோர் இன்னும் மறந்திலர். நாகைத் துறைக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் இருப்பதுதான் மாதா திருத்தலமாகிய வேளாங்கண்ணி. வறுமை நம்மவரைக் கப்பலேற்றிய அதே கரையை நோக்கி, விசுவாசம் இன்றும் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைக் கால்நடையாய் நடத்திச் செல்கிறது.

ஆகஸ்டு 29-ஆம் தேதி கொடியேறி, மாதாவின் பிறந்த நாளாகிய செப்டம்பர் 8-ஆம் தேதி நிறைவுறும் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து புறப்படும் யாத்திரிகர்கள், காவி உடுத்தி, மாதா சுரூபம் வைத்த சிறு தேரை இழுத்துக்கொண்டு, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். கோலாலம்பூரில் புறப்பட்டவன் பினாங்கை நெருங்கிவிடும் தூரம் அது. நடராஜர் சந்நிதி உள்ள சிதம்பரமும், 1706-இல் புராட்டஸ்டாந்து மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியும், நாகூர் தர்காவும் அந்த வழியிலேயே அமைந்திருப்பது, தமிழ்நாட்டின் சமய வாழ்வு முழுவதையும் ஒரே பாதையில் கோத்து வைத்தாற்போல் இருக்கிறது.

நேர்த்திக்கடன் அவரவர்க்குத் தனி. ஒருத்தி பிள்ளை வரத்துக்காக நடப்பாள், ஒருவன் தீர்ந்த நோய்க்கு நன்றியாக நடப்பான். ஆனால் நடை எல்லோருக்கும் பொது. தமிழ்க் கத்தோலிக்கர் ‘53 மணி ஜெபம்’ என்று வழங்கும் ஜெபமாலையைக் கூட்டமாய்ச் சொல்லும்போது, ஒருவர் முற்பாதியைத் தொடங்க, மற்றவர்கள் பிற்பாதியை முடிப்பது மரபு. முன்னே விரைபவனுக்குப் பின்னே வருபவரின் குரல் கேளாது போகுமாயின் ஜெபம் அறுந்துவிடுமாதலால், வலுவுள்ள கால் தானே தளர்ந்து, நொந்த காலுக்குத் துணையாகிறது. ஐக்கியம் என்று பிரசங்கங்களில் நாம் கேட்பதன் பொருள், கொப்புளம் கண்ட பாதத்தோடு பத்து நாள் நடந்தவனுக்கு இவ்வாறுதான் விளங்குகிறது.

வழியோர ஜனங்களின் உபசாரமும் இத்தகையதே. பத்துமலைக்குச் செல்லும் தைப்பூச வழியில் நம்மவர் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதுபோல, அங்கும் ஊரார் சாதி மதம் பாராமல் மோரும் சோறும் அளிக்கிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு செல்லும் வழியில் இரு சீடரோடு முன்பின் அறியாதவராய் நடந்து வந்தார் என்றும், பந்தியில் அப்பத்தைப் பிட்டபோதே அவர்கள் அவரை இன்னாரென்று அறிந்தனர் என்றும் லூக்கா நற்செய்தி கூறுகிறது. வழியில் சோறிடும் அயலான் யார் என்று கேளாமல் உண்ணும் யாத்திரிகன், அந்த வேதப் பகுதியின் உட்பொருளைத் தன் பசியினாலேயே கற்றுக்கொள்கிறான்.

ஸ்பெயின் நாட்டுச் சாந்தியாகோ திருத்தலத்தை நோக்கி நடப்பவர்களுள், கடைசி 100 கிலோமீட்டரையேனும் நடந்து கடந்தவர்க்குச் சான்றிதழ் தரும் வழக்கம் உண்டு. வேளாங்கண்ணியில் அத்தகைய கணக்கு ஏதும் இல்லை. ஆயினும், திருச்சியில் விமானத்திலிருந்து இறங்கி, வாடகைக் காரில் கோயில் வாசல்வரை சென்று திரும்பும் நம் நாட்டு அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த முறை நாகப்பட்டினத்திலேயே காரை அனுப்பிவிட்டு, பாட்டனும் பாட்டியும் கப்பலேறிய துறையைக் கண்ணாரக் கண்டு, எஞ்சிய 12 கிலோமீட்டரை யாத்திரிகரோடு யாத்திரிகராய் நடந்து செல்லுங்கள்.